முதற்கட்ட ஆய்வா, குறைந்த அளவு மருந்தா, ஊர் கிளினிக்கா: வாய்ப் புற்று திரும்பி வந்தபின் எதை முதலில் செய்வது?

எங்கள் பெரியப்பாவுக்கு வாய்ப் புற்று திரும்பி வந்துவிட்டது. தம்பலகாமத்தில் வயல் செய்தவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாயில் இல்லாமல் அவரைக் கண்டவர்கள் குறைவு. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுக்குத்தான், அதனால் ஊரில் யாருக்கும் இது புதுக் கதை இல்லை. கன்னத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள், மகரகமவில் கதிர்ச் சிகிச்சை, அதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினார்கள். கொஞ்சக் காலம் நன்றாகவே இருந்தார். இப்போது கழுத்து நிணநீர் முடிச்சுகளிலும் நுரையீரலிலும் பரவியிருக்கிறது. இனி வெட்டி எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு ஆய்வின் விபரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நோய் எதிர்ப்புக் கலங்களைத் தூண்டிவிடும் புது ஊசியாம், முற்றிய புற்று உள்ளவர்களுக்காம், முதற்கட்டமாம், சிங்கப்பூரில் ஆள் சேர்க்கிறார்களாம். பெரியப்பாவின் மூத்த மகன் வயலை ஈடு வைத்தாவது ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றை அடிக்கும் மருந்தை, கொழும்பில் ஏற்ற வேண்டும் என்கிறார். சின்னவர் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். பெரியம்மா, ஆளை அலைக்கழிக்காமல் ஊர் கிளினிக்கோடு வைத்திருங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அன்னமுன்னா இலை ஒரு கட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாரும் எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் வாசித்துப் பார்த்த அளவில், எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் பெரிய விசயம். ஒன்றைச் செய்தால் இன்னொன்றின் கதவு மூடுகிறது. சிலவற்றை எந்த நேரத்திலும் சேர்த்துக்கொள்ளலாம், சிலவற்றுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போது மட்டுமே இடம் உண்டு.

மச்சான் அனுப்பியதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் அதுதான்.

முதற்கட்ட ஆய்வில் மருந்து வேலை செய்யுமா என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு கொடுத்தால் மனிதர் தாங்குவார் என்பதே முதல் கேள்வி. வழக்கமான முறையில், மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவைக் கொடுத்து மூன்று நான்கு கிழமை பார்ப்பார்கள். ஒருவருக்கும் மோசமாக எதுவும் வரவில்லை என்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இரண்டு பேருக்கு வந்தால் அத்தோடு நிறுத்தி, ஒரு படி கீழே இறங்குவார்கள். ஆகவே கீழ்ப்படியில் சேர்பவருக்குக் கிடைக்கும் அளவு கட்டியை அசைக்கப் போதாமல் இருக்கலாம். மேல்படியில் சேர்பவர் பக்கவிளைவின் எல்லை எங்கே என்று காட்டுபவராக ஆகலாம். எந்தப் படியில் ஆள் சேர்க்கிறார்கள் என்பதை ஆய்வுத் தாதியிடம் நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது தவறில்லை.

எதிர்ப்புக் கலங்களைத் தூண்டும் மருந்து என்றால் இந்தக் கவனம் இன்னும் கூடத் தேவை. 2006 மார்ச்சில் லண்டன் நோர்த்விக் பார்க் வைத்தியசாலை வளாகத்தில் டீஜீஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதருக்கு ஏற்றினார்கள். நோயை எதிர்க்கும் வெள்ளைக் கலங்களில் ஒரு வகையான டீ கலங்களை நேரடியாக உசுப்பிவிடும் மருந்து அது. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு, ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் ஏற்றினார்கள். ஒரு நாளுக்குள்ளேயே ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டி வந்தது. உயிர் தப்பினார்கள், ஆனால் ஒருவர் கைகால் விரல்களை இழந்தார். அதற்குப் பிறகுதான் இப்படியான மருந்துகளை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பதும், தொடக்க அளவை மிகச் சிறிதாக வைப்பதும் வழக்கமாகின. அந்த வகையில் இப்போது சேர்பவர்கள் 2006இல் சேர்ந்தவர்களைவிடப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டிப் புற்றை அடிக்கும் எண்ணமும் புதிதல்ல. 1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிக்குள் பக்டீரியாவையே செலுத்திப் பார்த்தார். எதிர்ப்புக் கலங்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற ஊசிக்கு அமெரிக்கா 1992இல் சிறுநீரகப் புற்றுக்கும் 1998இல் மெலனோமா என்ற தோல் புற்றுக்கும் அனுமதி கொடுத்தது. அதில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களிலும் ஒரு சிறு பகுதியினர் பல வருடங்கள் நோயில்லாமல் இருந்தார்கள். ஆனால் அதிக அளவில் ஏற்றும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழுந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் இல்லாத இடத்தில் அதை ஏற்ற முடியாது. இப்போது ஆய்வுக்கு வரும் புது ஊசிகள் பல, இதே இன்டர்லூகின்-2 அல்லது அதன் உறவான 15இன் வேலையைக் குறைந்த ஆபத்தோடு செய்ய முயல்பவை.

பலன் எவ்வளவு? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதற்கட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் ஒரு கட்டுரை வந்தது. கட்டி சுருங்கியவர்கள் 10.6 சதவீதம், மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். புத்தம்புது மருந்து ஒன்றை மட்டும் தனியே கொடுத்த ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தால் பலன் 4.4 சதவீதமே. 2000 முதல் 2019 வரையான இன்னொரு தொகுப்பில், தொடக்க வருடங்களில் 9.6 சதவீதமாக இருந்த பலன் கடைசி வருடங்களில் 18 சதவீதமாக ஏறியிருக்கிறது. மரணம் 0.7 சதவீதம். நிலைமை முன்னேறியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் ஐந்தில் நாலு பேருக்குமேல் கட்டி சுருங்கவில்லை. கட்டி சுருங்குவதும் நீண்ட நாள் வாழ்வதும் ஒன்றல்ல என்பது வேறு விசயம்.

நம்பிக்கைக்கும் ஆதாரம் இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் பாவிக்கும் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் 2011இல் ஒரு முதற்கட்ட ஆய்வாகத்தான் தொடங்கியது. பலன் தெரியத் தெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டே போய் 1,200 பேருக்கு மேல் சேர்த்தார்கள், 2014இல் அனுமதியும் கிடைத்தது. அதே ஆய்வில் சேர்ந்திருந்த, முன்பே வேறு சிகிச்சை பெற்ற நுரையீரல் புற்று நோயாளிகளில் 15.5 சதவீதம் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அந்த நோய்க்கு அது முன்பு நினைத்தும் பார்க்காத கணக்கு. மறுபக்கம் எபகடோஸ்டாட் என்ற மருந்தைப் பாருங்கள். முதற்கட்டத்தில் எல்லாரையும் துள்ள வைத்தது. 2018இல் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை என்றானது. இன்டர்லூகின்-2ஐ மாற்றிச் செய்த பெம்பெகல்டெஸ்லூகின் ஆரம்ப ஆய்வில் மெலனோமா நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியதாகச் சொன்னது. 2022இல் அதுவும் விழுந்தது. மச்சான் அனுப்பிய மருந்து இதில் எந்தப் பக்கம் போகும் என்று அதைச் செய்பவர்களுக்கே தெரியாது. தெரிந்தால் ஆய்வே தேவையில்லை.

சரி, ஆய்வில் சேர்பவரிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார்கள்? அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். ஈரல், சிறுநீரக இரத்தப் பரிசோதனைகள் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். கடைசிக் கீமோ முடிந்து பெரும்பாலும் மூன்று நான்கு கிழமை இடைவெளி வேண்டும். வாதம், சொறியாசிஸ் போன்று உடலே உடலைத் தாக்கும் வருத்தம் இருந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். காசநோய், மஞ்சள்காமாலை பி வைரஸ் பார்ப்பார்கள். ஸ்டீரொய்ட் எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்பதால், நாளுக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசலோன் அளவுக்கு மேல் அதை எடுப்பவர்களைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பசி எடுக்கவும் வீக்கம் வற்றவும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் எழுதுவது சாதாரணம். அதன் அரை மில்லிகிராம் குளிசைகளில் மூன்றே பிரெட்னிசலோன் 10 மில்லிகிராம் அளவுக்குக் கிட்ட வந்துவிடும். ஆய்வைப் பற்றி யோசிக்கும் வீட்டில் குளிசைப் பைகளை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிட வேண்டும்.

முதல் ஊசி போடும் நாளையும் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு கையிலும் கெனுலா. ஒன்றால் மருந்து போகும், மற்றதால் இரத்தம் எடுப்பார்கள். ஏற்றுவதற்கு முன், ஏற்றி முடிந்தவுடன், ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி, எட்டு மணி கழித்து என்று குழாய் குழாயாக எடுப்பார்கள். இடையில் பிரஷர், காய்ச்சல், ஒக்சிசன். இரவு வாட்டிலேயே தங்க வேண்டும், மறுநாள் காலையில் திரும்ப இரத்தம். ஏற்றுவதற்கு முன்பும் சில கிழமை கழித்தும் கழுத்துக் கட்டியில் ஊசி விட்டுச் சதைத் துண்டு எடுப்பார்கள், மருந்து போன இடத்தில் கலங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க. அதற்குப் பிறகும் கிழமைக்கு ஒருமுறையாவது போக வேண்டும். ஊருக்கு வந்து வந்து போகும் சோலி இல்லை இது. மாதக் கணக்கில் அங்கேயே, ஒருவர் துணையோடு இருக்க வேண்டும். மருந்துக்கும் ஆய்வுக்கான சோதனைகளுக்கும் காசு வாங்க மாட்டார்கள். தங்குமிடம், விமானச் சீட்டு, சாப்பாடு யார் கணக்கு என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கே காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உண்மையான ஆய்வு ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கும். இலங்கையின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது, இந்தியாவினது 2007 முதல். இந்தியாவில் 2019இல் வந்த விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் நட்டஈடும் நடத்துபவர் பொறுப்பு. பதிவு இலக்கத்தைக் கேட்டுத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது மூத்த அண்ணன் சொல்லும் வழி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை முழு அளவில் ஏற்றுவது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் டீ கலத்தின் மேல் இருக்கும் பீடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள். இப்படியான பிரேக்குகளை விடுவித்துப் புற்றுக்குச் சிகிச்சை செய்யலாம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியப்பாவைப் போல சிஸ்பிளாட்டினுக்குப் பிறகு தலை, கழுத்துப் புற்று திரும்பியவர்கள் 361 பேரை வைத்து நிவோலுமாபைப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வந்தது. ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நிவோலுமாபில் 36 சதவீதம், வழக்கமான மருந்துகளில் 16.6 சதவீதம். கட்டி சுருங்கியது 13.3 சதவீதம் பேருக்கு மட்டும். அதாவது பலருக்குப் பெரிய மாற்றம் இல்லை, சிலருக்கு நீண்ட காலம் கிடைக்கிறது. அந்தச் சிலரில் பெரியப்பா இருப்பாரா என்பதற்குக் பீடி-1 பிரேக்கை அழுத்தும் பீடி-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை ஓரளவு குறிப்பு சொல்லும், உறுதி சொல்லாது.

விலைதான் இடிக்கிறது. முழு அளவு என்றால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஒரு தடவைக்கே பல இலட்சம் ரூபாய் போகும், பலன் இருந்தால் மாதக்கணக்கில் தொடர வேண்டும். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், இப்போது பிரதேச செயலகம் வழியாகவே விண்ணப்பம் கொடுக்க முடிகிறது, ஆனால் இந்தச் செலவு முழுவதையும் அதை நம்பித் தொடங்க முடியாது. நான் அண்ணனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: இரண்டு மூன்று தடவைக்கு மட்டும் காசு இருக்கும்போது முழு அளவைத் தொடங்குவது எல்லாவற்றிலும் மோசமான வழி. காணியும் போகும், மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய முன்னமே நிறுத்தவும் வேண்டி வரும்.

சின்னவர் சொல்லும் சென்னை வழிக்குப் பின்னால் இருப்பது மும்பையில் நடந்த ஒரு வேலை. டாடா மெமோரியல் வைத்தியசாலைக்காரர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களை மனதில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகொக்சிப், எர்லோடினிப் மூன்று குளிசைகள் மட்டும். மற்றப் பகுதிக்கு அதே குளிசைகளோடு மூன்று கிழமைக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக ஏறினார்கள். நடுப்புள்ளி, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக ஏறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு கிழமைக்கு முழு அளவு 720 மில்லிகிராம், இதில் 40. பதினெட்டில் ஒரு பங்கு. பீடி-1 என்ற பிரேக்கை விடுவிக்க மிகச் சிறிய அளவே போதும் என்பதைத் தொடக்க ஆய்வுகளே காட்டியிருந்தன, அதனால்தான் இது சாத்தியமானது.

குறை இல்லாமல் இல்லை. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது, எனவே இரண்டும் சமம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லா டொக்டர்மாரும் இதை ஏற்பதும் இல்லை. கொழும்பிலோ ஊரிலோ உங்கள் புற்றுநோய் நிபுணருக்கு இதில் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சம்மதம் என்றால் சென்னையே தேவைப்படாமலும் போகலாம். சென்னை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது, தமிழில் பேசி விளங்கிக்கொள்ளலாம், அது சின்ன விசயமில்லை. பலாலியிலிருந்து விமானமும் போகிறது, கொழும்புக்குப் போய் ஏறுவதைவிட அந்தப் பயணம் பெரியப்பாவுக்கு இலகு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியில் வருகிறது. 20 மில்லிகிராம் எடுப்பவருக்குப் பாதிக் குப்பி மிச்சம். அதனால் சில இடங்களில் ஒரே நாளில் இரண்டு நோயாளிகளை வரச்சொல்லி ஒரு குப்பியைப் பகிர்கிறார்கள். தனியே வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று சின்னவர் நினைக்கிறார். மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், ஏப்ரல் வெயிலில் ரெஜிபோம் பெட்டியை நம்பி பஸ்ஸில் வந்தால் சூடாகிவிடும். இரண்டிலும் மருந்து பழுது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அதோடு, வெளியில் வாங்கிவந்த குப்பியை ஏற்ற வாட்டில் சம்மதிப்பார்களா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. இங்கே மருந்துகளுக்கான அனுமதி 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கையில் இருக்கிறது, வாட்டுத் தாதியின் கையில் இல்லை.

முழு அளவோ சிறு அளவோ ஆய்வு ஊசியோ, மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. ஊரில் இருப்பவர்கள் அதைத்தான் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் விட்ட கலங்கள் சில வேளை குடலையும் நுரையீரலையும் ஈரலையும் தைரொயிட்டையும் அடிக்கும், அபூர்வமாக இதயத்தையும். பெரும்பாலும் ஏற்றிய அன்றே வராது. சில கிழமை கழித்து வரலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். நாளுக்கு ஐந்தாறு தடவை வயிற்றோட்டம் என்று ஒருவர் ஊர் ஓபிடிக்குப் போனால், ஜீவனியும் நுண்ணுயிர்க்கொல்லியும் தந்து அனுப்புவார்கள். அது அவர்கள் பிழையல்ல, இம்யூனோதெரபி எடுப்பவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உண்மையில் அவருக்குத் தேவை அவசரமாக ஸ்டீரொய்ட். மூச்சு வாங்குவதை நியூமோனியா என்று நினைத்து நாள் கடத்தினால் ஆபத்து. மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய திகதி, சிகிச்சை கொடுக்கும் டொக்டரின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைக்க வேண்டும். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் இரவில் எந்த வைத்தியசாலைக்குப் போவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

பெரியம்மா சொல்லும் ஊர் கிளினிக் வழி என்றால் ஆளைக் கைவிடுவது என்று வீட்டில் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒருமுறையும் செலிகொக்சிப் தினமும், இரண்டும் மலிவான குளிசைகள். இதை 422 பேரில் சிஸ்பிளாட்டின் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த டாடா மெமோரியல் ஆய்வு 2020இல் வந்தது. குளிசை எடுத்தவர்கள் நடுவாக 7.5 மாதம், ஊசி எடுத்தவர்கள் 6.1 மாதம், கடும் பக்கவிளைவும் குளிசையில்தான் குறைவு. அப்புறம் வலி. வாய்ப் புற்றின் வலி காதுக்குள் குத்தும், இரவில் தூங்க விடாது. மோர்ஃபின் என்றால் கடைசி நேரத்து மருந்து என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு இன்னும் போகவில்லை. டொக்டர் எழுதிய அளவில் இப்போதே எடுத்தால் ஆள் சாப்பிடுவார், நடப்பார். சாப்பிட்டு நடந்தால்தான் மேலே சொன்ன எந்த வழிக்கும் உடம்பு இடம் கொடுக்கும். 2010இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரில் பார்த்தது இது: தொடக்கத்திலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்பைச் சேர்த்துப் பெற்றவர்கள் நடுவாக 11.6 மாதம் இருந்தார்கள், சேர்க்காதவர்கள் 8.9 மாதம். இது எந்தக் கதவையும் மூடாத வழி. மற்ற எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

அன்னமுன்னா இலைக்கு இரண்டு வரி போதும். முற்றிய புற்றை அது குறைத்ததாக மனிதர்களில் நிரூபணம் இல்லை, ஆய்வுக்கோ இம்யூனோதெரபிக்கோ போவதாக இருந்தால் கசாயங்களை நிறுத்துவதுதான் நல்லது. ஈரல் சோதனை கூடினால் மருந்தாலா கசாயத்தாலா என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி வரிசை. மச்சானின் ஆய்வை முதலில் வைக்க ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பெரியப்பா இன்று காலையில் கடைச் சந்தி வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். ஆய்வுக்கு இந்தத் தெம்பு வேண்டும். வேறு சிகிச்சையில் மூன்று மாதம் போனபின் இது இருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனாலும் நூற்றில் நாலில் இருந்து பதினெட்டுப் பேர் வரைக்கும் கட்டி சுருங்கலாம் என்ற இடத்துக்கு, அவரைப் போன்றவர்களிலேயே பார்த்து ஒரு வருட உயிர்வாழ்வைக் கூட்டிய மருந்தைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதோடு பல முதற்கட்ட ஆய்வுகள், பீடி-1 மருந்து எடுத்தும் பலன் நின்றவர்களையே கேட்கின்றன. வேறு சில, அதை எடுத்தவர்களை ஒரேயடியாக விலக்குகின்றன. மச்சான் அனுப்பியது எந்த வகை என்று தெரியாமல் வரிசை போட முடியாது.

பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது நாலு நாள் வாதாடிய பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. கேட்டபோது, பெரும்போக அறுவடை வரை தம்பலகாமத்தில் இருக்க வேண்டும், வயலை ஈடு வைக்கக் கூடாது என்றார். ஊசிக்குச் சென்னை போக அவருக்குச் சம்மதம், மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருக்கச் சம்மதமில்லை. முழு அளவு மருந்து அத்தோடு பட்டியலிலிருந்து போனது.

ஆகவே அடுத்த கிளினிக்கில் மூன்று கேட்கப் போகிறோம். மோர்ஃபின் அளவைச் சரிபார்த்துத் தர வேண்டும். குளிசையோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப் பற்றி டொக்டரின் அபிப்பிராயம் வேண்டும், இங்கே முடியாதென்றால் சென்னைக்கு ஒரு கடிதம். மூன்றாவது, சத்திரசிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டை (பரபின் பிளொக்) நோயியல் ஆய்வுகூடத்திலிருந்து எடுக்க ஒரு கடிதம். பீடி-எல்1 சோதனைக்கும் அது வேண்டும், ஆய்வுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பலர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வருகிறார்கள்.

மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருக்கப் பெரியப்பாவுக்குச் சம்மதமில்லை என்றாலும், அந்தக் கதவை இப்போதே மூடாமல் மச்சானுக்கும் பதில் போட்டிருக்கிறேன். ஆய்வுத் தாதிக்கு அவர் எழுதிக் கேட்க வேண்டியவை: பீடி-1 மருந்து எடுத்தவரைச் சேர்ப்பார்களா, எத்தனை கிழமை இடைவெளி வேண்டும், இப்போது எந்தப் படியில் ஆள் நிரப்புகிறார்கள், முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனைகளைக் கொழும்பில் செய்ய விடுவார்களா, ஊருக்கு வந்தபின் பக்கவிளைவு வந்தால் இங்கே ஆகும் செலவை யார் கட்டுவார்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். சிங்கப்பூரில் தமிழ் அரச மொழி, கேட்டால் கிடைக்கலாம்.